காலிக் கட்டிலும் காசுக் கணக்கும்

ஆள் இல்லாத கட்டிலுக்கு அரசு வாடகை தரலாமா?

கேள்வி சிறியது. கேட்டவுடன் சிரிப்புக்கூட வரும். "படுக்க ஆள் இல்லை, பணம் மட்டும் உண்டா? நல்ல ஏற்பாடு ஐயா, நல்ல ஏற்பாடு!" என்று கேலி பேசத் தோன்றும். ஆனால், தோழர்களே, அமெரிக்க நாட்டிலே பராமரிப்பு இல்லங்களில் வாழும் ஏறத்தாழ 12 இலட்சம் முதியோரின் நிம்மதியோடு பிணைந்து கிடக்கிறது இந்தச் சிறிய கேள்வி. சிரித்துவிட்டு நகர முடியாது. சிந்தித்துத்தான் ஆக வேண்டும்.

பேருந்திலே இடம் பிடிக்கத் துண்டு போடுகிறோம். போட்டுவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க இறங்குகிறான் பாட்டாளி. திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. எந்தச் சட்டமன்றமும் இயற்றித் தந்த சட்டமல்ல அது. ஊர் ஒப்புக்கொண்ட நியாயம். டாலர் தேசத்திலே துண்டு மட்டும் போட்டால் போதாது, துண்டுக்கு நாள் வாடகை கட்ட வேண்டும்! கட்டத் தவறினால் துண்டு தெருவிலே, இடம் அடுத்தவனுக்கு! அங்கே பறிபோவது பயணத்து இருக்கை அல்ல. வாழ்க்கையின் கடைசிக் கட்டில்.

கதையைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் தெருமுனையிலே உள்ள சிறு தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தள்ளாத வயதிலே, தானே எழ முடியாமல், தானே உண்ண முடியாமல், நினைவு தடுமாறி நிற்கும் முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும் இல்லம் அது. அத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 உண்டு. பத்தில் ஏழு, இலாபம் கருதி நடத்தப்படுபவை.

முதியோரைப் பேணும் பணி எப்படி முதலாளியின் கைக்குப் போயிற்று? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய அமெரிக்காவிலே ஏழைக் கிழவர்களுக்கு 'ஏழை விடுதி' என்று ஒன்று இருந்தது. மானத்தை வாசலிலே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1935-இல், ரூஸ்வெல்ட் காலத்திலே, சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அரசாங்க விடுதிகளில் இருப்போருக்குக் கிடையாது என்றது அந்தச் சட்டம். ஏழை விடுதி ஒழியட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நடந்தது என்ன? கையிலே உதவித்தொகை, காலிலே வலுவில்லை. எங்கே போவார் கிழவர்? காசு கொடுத்தால் இடம் தருகிறேன் என்று கதவு திறந்தான் தனியார். 1950-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் கடை விரித்தவன் கால் ஊன்றிவிட்டான்!

அடுத்து வந்தது 1965. ஜூலை 30-ஆம் நாள், மிசௌரி மாநிலத்து இண்டிபென்டென்ஸ் நகரில், முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அருகிருக்க, ஜான்சன் கையெழுத்திட்டார். மெடிக்கேர், மெடிக்கெய்டு என்ற இரண்டு திட்டங்கள் பிறந்தன. மெடிக்கேர் என்பது முதுமைக்கான மருத்துவக் காப்பீடு. அது மத்திய அரசின் பை. மெடிக்கெய்டு என்பது ஏழைக்கான உதவி; மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கட்டிய பை. பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரில் பத்தில் ஆறு பேருக்கு மேல், இரண்டாவது பையை நம்பித்தான் மூச்சு விடுகிறார்கள். ஆக, இல்லம் தனியாருடையது, பணம் மக்களுடையது. இந்த இரட்டை மாட்டு வண்டியிலேதான் கிழவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஒகையோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு நகரம். டயர் ஆலைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே நாற்பது ஆண்டு இரப்பரோடு மல்லாடி, முதுகெலும்பு வளைந்து, ஓய்வு பெற்றவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதுமை தட்டியது, இல்லத்திலே சேர்ந்தார். நாள் ஒன்றுக்கு 300 டாலர் அளவுக்குக் கேட்பார்கள். சேமிப்பு கரைந்தது, சிறுகச் சிறுகச் சேர்த்த சொத்து கரைந்தது. பெரும்பாலான மாநிலங்களிலே, தனி ஆளிடம் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் மெடிக்கெய்டு கை கொடுக்கும். ஏழையானால்தான் உதவி, ஆகவே முதலில் ஏழையாக வேண்டும்!

அதற்குப் பிறகு? மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தையும் ஏறத்தாழ முழுமையாக இல்லத்திடம் ஒப்படைக்க வேண்டும். கைச்செலவுக்கு என்று விட்டு வைப்பது எவ்வளவு தெரியுமா? மத்திய அரசு வகுத்த குறைந்தபட்ச அளவு மாதத்துக்கு 30 டாலர். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. ஆனால் 1980-களின் இறுதியில் வகுத்த அந்த 30, இன்றும் 30-ஆகவே நிற்கிறது. முடி வெட்ட, உள்ளாடை வாங்க, பேரனுக்கு மிட்டாய் வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

இந்தப் பெரியவருக்கு ஒரு நாள் இரவு மூச்சுத் திணறுகிறது. நிமோனியா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஆறு நாள், எட்டு நாள், பத்து நாள் ஆகிறது. உயிர் பிழைத்தார். "போகலாம்" என்கிறார் டாக்டர்.

எங்கே போவது?

அவருடைய கட்டில் இருந்ததே, சன்னலோரத்திலே? அவருடைய மனைவியின் படம் மாட்டியிருந்ததே, சுவரிலே? பக்கத்துக் கட்டிலிலே சீட்டாட்டத் தோழர் ஒருவர் இருந்தாரே? அந்தக் கட்டில் இப்போது எவருடையது?

இங்கேதான் நுழைகிறது நள்ளிரவுக் கணக்கு. இரவு பன்னிரண்டு அடிக்கும்போது கட்டிலிலே தலை இருந்தால் அந்த நாளுக்குப் பணம். தலை இல்லையானால் பணம் இல்லை. மெடிக்கேர் இந்த முறையில்தான் நாள் எண்ணுகிறது. கட்டிலைக் காத்து வைக்க அது ஒரு காசும் தருவதில்லை. "வேண்டுமானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்கிறது. மெடிக்கெய்டு? அங்கேதான் சூட்சுமம். இல்லவாசி தற்காலிகமாக வெளியே போயிருக்கும்போது கட்டிலைக் காத்து வைப்பதற்கு மாநிலம் பணம் தரலாம் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. தரலாம்! தர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லிலே ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பம்போல் அதன் வழியே நுழைந்து போகிறது.

கலிஃபோர்னியாவிலே ஆஸ்பத்திரிக்குப் போனால் 7 நாள் கட்டில் காத்திருக்கும். காக்க வேண்டுமா என்பதை, அறிவிப்புக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். புளோரிடாவிலே 8 நாள். ஆனால் அந்த இல்லத்திலே நூற்றுக்கு 95 கட்டிலாவது நிரம்பியிருந்தால்தான் பணம். ஒகையோவிலே ஆண்டுக்கு 30 நாள். இல்லம் 95 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால் வழக்கமான தொகையில் பாதி, இல்லையென்றால் 18 விழுக்காடு. டெக்சாஸிலே ஆஸ்பத்திரி நாட்களுக்கு மெடிக்கெய்டு தருவது ஒன்றுமில்லை. குடும்பத்தைப் பார்க்கப் போனால் ஒரு தடவைக்கு 3 நாள் வரை பணம் உண்டு.

ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே முதுமை, ஒரே நிமோனியா! எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருமினால் கட்டில் உண்டு. அந்தப் பக்கம் இருமினால் கட்டில் கேள்விக்குறி! கிழவர் நோயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் மாநிலத்தையாவது பார்த்து நோய்வாய்ப்பட வேண்டுமென்று எதிர்பார்க்கிறார்களா?

"சொந்தப் பணம் கட்டிக் கட்டிலைக் காத்துக் கொள்ளலாமே" என்கிறார்கள் சில கனவான்கள். கணக்குப் போடுங்கள், தோழர்களே. கட்டிலின் விலை நாளுக்கு 300 டாலர். கிழவரின் கையிலே மாதத்துக்கு 30 டாலர். ஒரு மாதக் கைச்செலவை அப்படியே நீட்டினாலும், பத்தில் ஒரு பங்கு நாளுக்குத்தான் கட்டில் நிற்கும். அதாவது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு! உணவுக்கு ஏங்கும் ஒருவனிடம் "ஓட்டலையே விலைக்கு வாங்கலாமே" என்று சொன்னவனுக்கும் இந்தக் கனவான்களுக்கும் என்ன வேறுபாடு?

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். எதிரி பேசுவதைக் கேட்காமல் பேசுவது மேடைக்கு அழகல்ல.

முதல் வாதம்: "ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலே பணம் தர வேண்டுமா? ஆஸ்பத்திரியிலே ஒரு கட்டில், இல்லத்திலே ஒரு கட்டில். வரி கட்டுவோன் தலையிலே இரட்டைச் சுமை!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஆலைத் தொழிலாளி காய்ச்சலிலே பத்து நாள் ஆஸ்பத்திரியிலே படுத்திருந்தால், அவன் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை நின்றுவிடுமா? "நீதான் வீட்டிலே இல்லையே" என்று வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவிலே எறியலாமா? எறிந்தால் ஊர் சும்மா இருக்குமா? அந்த இல்லம் கிழவருக்கு விடுதி அல்ல, வீடு. அவருக்கு வேறு வீடு கிடையாது. வேறு வீடு வைத்துக்கொள்ள வழியில்லாதபடி செய்துவிட்டுத்தானே உள்ளே சேர்த்தார்கள்? வீட்டுக்குரிய நியாயத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது வாதம் கனமானது. தட்டிக்கழிக்கக் கூடாது. "காலிக் கட்டிலுக்குப் பணம் தந்தால், காலி செய்வதே தொழிலாகிவிடும்" என்கிறார்கள். வெறும் ஊகமல்ல இது. 2007-இலும் 2010-இலும் வெளிவந்த ஆராய்ச்சிகள், கட்டில் காப்புப் பணம் தரும் மாநிலங்களிலே முதியோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது கூடுதலாக இருந்ததைக் காட்டின. ஏன் என்று கேட்டால், விடை முதலாளியின் கணக்கேட்டிலே இருக்கிறது. நோய் முற்றிய கிழவரை இல்லத்திலேயே வைத்துப் பார்த்தால் நர்ஸ் வேண்டும், மருந்து வேண்டும், இரவெல்லாம் விழிப்பு வேண்டும். வண்டியிலே ஏற்றி அனுப்பிவிட்டால்? வேலையும் மிச்சம், கட்டிலுக்குப் பணமும் மிச்சம்!

அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலே உள்நோயாளியாக 3 நாள் இருந்து திரும்பினால், தகுதியுள்ள முதியவருக்கு மெடிக்கேர் 100 நாள் வரை இல்லத்திலே சிகிச்சைக்குப் பணம் தரும்; முதல் 20 நாள் முழுத்தொகை. மெடிக்கெய்டு தருவதைவிட மெடிக்கேர் தருவது கொழுத்த தொகை. ஆக, மெலிந்த பணத்துக்குப் போன கிழவர் கொழுத்த பணத்துக்குத் திரும்பி வருகிறார். போகும்போதும் இலாபம், வரும்போதும் இலாபம்! நடுவிலே படுக்கைப் புண்ணும் பயமும் குழப்பமும் கிழவருக்கு.

சர்க்கார்களின் ஆட்டமும் இதிலே உண்டு. இந்த முதியோரின் ஆஸ்பத்திரிச் செலவைப் பெரும்பாலும் சுமப்பது மெடிக்கேர். அதாவது மத்திய அரசு. இல்லச் செலவிலே பங்கு சுமப்பது மாநில அரசு. கட்டில் காப்புப் பணம் தராத மாநிலத்திலே, கிழவர் ஆஸ்பத்திரியிலே இருக்கும் ஒவ்வொரு நாளும் மாநிலக் கருவூலத்துக்கு மிச்சம். மாநிலம் மத்திய அரசின் பக்கம் உதைக்கிறது, முதலாளி ஆஸ்பத்திரியின் பக்கம் உதைக்கிறான். நடுவிலே உருள்வது பந்தல்ல, தோழர்களே. நாற்பது ஆண்டு உழைத்த உடல்!

ஆகவே, ஆராய்ச்சி சொல்வதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதிலிருந்து "பணத்தை நிறுத்து" என்று முடிவு கட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டோம். வேலியே பயிரை மேய்ந்தால் வேலியைத் திருத்த வேண்டும். பயிரைப் பிடுங்கி எறியச் சொல்வது என்ன நீதி? 2007-இல் வந்த அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் கண்டது: மெடிக்கெய்டு நாளுக்குத் தரும் தொகை உயர்ந்த இடங்களிலே முதியோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது குறைந்தது. ஆள் வைக்கப் பணம் இருந்தால் இல்லத்திலேயே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அது. அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விடுவது ஏன்?

மூன்றாவது வாதம்: "எத்தனையோ இல்லங்களிலே கட்டில்கள் காலியாகத்தானே கிடக்கின்றன? பணம் எதற்கு? கிழவர் எப்போது வந்தாலும் இடம் கிடைக்குமே!" காலிக் கட்டில்கள் உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் திரும்பி வந்தவரை ஏன் வாசலிலே தடுக்கிறார்கள்? அமெரிக்காவிலே இல்லவாசிகளின் முறையீடுகளைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு மாநிலத்திலும் குறைகேட்பாளர் அமைப்பு உண்டு. 1972-இல் முளைவிட்ட திட்டம் அது. அங்கே ஆண்டுதோறும் வந்து குவியும் புகார்களிலே முன்வரிசையில் நிற்பது எது? உணவு சரியில்லை என்பதா? போர்வை கிழிந்திருக்கிறது என்பதா? இல்லை. "வெளியேற்றுகிறார்கள்" என்பதுதான்!

தந்திரம் எளியது. நேராக வெளியேற்றினால் சட்டம் கேள்வி கேட்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பச் சேர்க்க மறுத்தால், வெளியேற்றியதுபோலவே தெரியாது! மறதி நோயிலே கூச்சலிடும் மூதாட்டியா? ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய பெரியவரா? மெடிக்கெய்டு தரும் மெலிந்த பணத்திலே நெடுநாள் இருக்கப் போகிறவரா? ஒரு நாள் காய்ச்சல் வரும். அன்று வண்டி வரும். பிறகு மகள் தொலைபேசியிலே கேட்பாள்.

"அப்பாவை நாளைக்கு அனுப்புகிறார்களாம். எத்தனை மணிக்கு அழைத்து வரலாம்?"

"வருந்துகிறோம் அம்மா. உங்கள் தந்தையாரின் கட்டில் நிரம்பிவிட்டது."

"வேறு கட்டில்?"

"அவருடைய தேவைகளை நிறைவேற்ற எங்களால் இயலாது என்று முடிவு செய்திருக்கிறோம்."

"மூன்று ஆண்டு உங்களிடம்தானே இருந்தார்?"

"ஆமாம் அம்மா. வணக்கம்."

போன வாரம் வரை இயன்றது, இந்த வாரம் இயலவில்லை! கிழவர் மாறவில்லை, கணக்கு மாறியது.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1987 டிசம்பரில், ரீகன் ஆட்சியிலே, பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. முதியோரின் உரிமைகளை வரிசைப்படுத்திய சட்டம் அது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கட்டில் காப்பு விதிகளை எழுத்திலே தர வேண்டும். அனுப்பும்போது மறுபடியும் தர வேண்டும். காப்பு நாட்கள் முடிந்துபோனாலும், இல்லத்தின் பணிகள் தேவைப்படுகிற, திட்டங்களின் தகுதியுடைய முதியவரைப் பழைய அறை இருந்தால் அந்த அறைக்கே திரும்பச் சேர்க்க வேண்டும். இல்லையேல், பகிர்ந்து தங்கும் அறையிலே முதலில் காலியாகும் கட்டிலைத் தர வேண்டும். சேர்க்க முடியாதென்றால் வெளியேற்றத்துக்குரிய அறிவிப்பைத் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு இடம் தர வேண்டும். இவ்வளவும் விதியிலே உண்டு.

இதை அழுத்திச் சொல்கிறேன்: காப்புப் பணம் 7 நாளிலே தீரலாம், திரும்பி வரும் உரிமை தீர்வதில்லை. எட்டாம் நாள் விடிந்ததும் உரிமையும் செத்துவிட்டதாக நம்பிக் கண்ணீரோடு திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வரியை எடுத்துச் சொன்னாலே பாதிச் சண்டை முடியும்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கலிஃபோர்னியாவிலே நடந்ததைக் கேளுங்கள். திரும்பச் சேர்க்க மறுக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள். அரசின் விசாரணையிலே வென்றார்கள். தீர்ப்பைக் கையிலே பிடித்துக்கொண்டு போனார்கள். கதவு திறக்கவில்லை, தீர்ப்பை நிறைவேற்ற மாநில அரசு முன்வரவில்லை என்று அரசின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். கீழே தள்ளுபடியான அந்த வழக்குக்கு 2019-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர் கொடுத்தது. நினைத்துப் பாருங்கள்: வென்றவன் வென்றதைப் பெறுவதற்கு இன்னொரு வழக்கு!

2023 ஜூன் 8-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பேசியது. இந்தியானா மாநிலத்திலே, அரசு அமைப்புக்குச் சொந்தமான இல்லம் ஒன்றிலே மறதி நோயோடு இருந்த பெரியவர். தேவையற்ற மருந்துகளால் முடக்கினார்கள், முறையாக அறிவிக்காமல் இடம் மாற்றினார்கள் என்பது குடும்பத்தாரின் வழக்கு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அந்த உரிமைகளுக்காக நீதிமன்றத்திலே வழக்காடலாம் என்று ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் நின்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன். அடிமைத்தளை அறுந்த பின் கறுப்பின மக்களின் உரிமை காக்க 1871-இல் இயற்றிய சட்டம்தான் இந்தக் கிழவரின் கைக்கும் வாளாக வந்தது. மகிழ்ச்சி! ஆனால் அந்த வாள் அரசு சார்ந்த அமைப்புகள் மீதுதான் பாயும். பத்தில் ஏழு இல்லங்களை நடத்தும் இலாப முதலாளி மீது அது பாயாது. ஆகவே நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டமன்றம் கைகட்டி நிற்க முடியாது.

நோய்க்காக வெளியே போவதை மட்டுமே இதுவரை பேசினேன். மனிதன் நோய்க்காக மட்டுமா வெளியே போகிறான்? பேத்தியின் திருமணம், தம்பியின் சாவு, கிறிஸ்துமஸ் இரவு, நன்றி நவிலும் நாள் விருந்து... இவற்றுக்குப் போக வேண்டாமா? அந்த நாட்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 'சிகிச்சை விடுப்பு' என்று அதற்குப் பெயர். பராமரிப்புத் திட்டத்திலே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மகள் வீட்டிலே ஒரு வேளைச் சோறு உண்பதற்குச் சிகிச்சை என்று பெயர் சூட்டினால்தான் பணம் பேசும்! கலிஃபோர்னியாவிலே பொதுவாக ஆண்டுக்கு 18 நாள். புளோரிடாவிலே 16 நாள். ஆண்டுக்கு 365 நாள் உண்டு. அதிலே தன் குருதியோடு சேர்ந்து இருக்க அனுமதித்த நாட்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. குற்றவாளிக்குக் கணக்குப் பார்த்துப் பரோல் தருவார்கள். இந்தக் கிழவர் செய்த குற்றம் என்ன? முதுமை அடைந்ததா? ஏழையானதா?

பட்ஜெட்டிலே துண்டு விழும்போதெல்லாம் மாநிலத்தார் தேடுவது, வெட்டினால் சத்தம் வராத இடத்தை. கட்டில் காப்புப் பணம் கட்டாயமல்ல, விருப்பம். ஆகவே கத்தி அங்கே முதலில் போகும். கிழவர் ஊர்வலம் வர மாட்டார். சக்கர நாற்காலியிலே வேலைநிறுத்தம் நடக்காது. பத்தாண்டிலே மெடிக்கெய்டுக்கான மத்திய அரசின் செலவைப் பெருமளவு குறைக்கும் சட்டம் 2025 ஜூலை 4-இல் கையெழுத்தாயிற்று. அரசின் பட்ஜெட்டிலே துண்டு விழுந்தால், கிழவர் கட்டிலிலே போட்ட துண்டை எடுத்தா ஈடுகட்டுவது?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். குறை சொல்வதோடு நிறுத்துவது கோழைத்தனம். சொல்கிறேன்.

முதலாவது: திரும்பி வரும் உரிமை பணத்தின் வாலிலே தொங்கக் கூடாது. பணம் தந்தாலும் தராவிட்டாலும் கிழவரின் இடம் கிழவருக்கு. இது அடித்தளம்.

இரண்டாவது: 'தரலாம்' என்பது 'தர வேண்டும்' என்றாக வேண்டும். எந்த மாநிலத்திலும் இதற்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசே நாள் கணக்கை வகுக்க வேண்டும்.

மூன்றாவது: கொள்ளைக்கு வழி வைக்கக் கூடாது. ஆள் இல்லாத நாளிலே சோறு செலவில்லை, மருந்து செலவில்லை. ஆகவே முழுத்தொகை தேவையில்லை. நிரம்பி வழியும் இல்லத்திலே கட்டிலைக் காத்து வைப்பது உண்மையான இழப்பு. அங்கே தரலாம் கூடுதலாக. காலிக் கட்டில்கள் வரிசையாய்க் கிடக்கும் இல்லத்திலே இழப்பு என்ன? அங்கே குறைக்கலாம். ஒகையோவும் புளோரிடாவும் நிரம்பிய அளவைப் பார்ப்பதிலே இந்த அளவுக்கு நியாயம் உண்டு. முதலாளிக்கு உரியதை மறுக்கச் சொல்லவில்லை. உரியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்கிறோம்.

நான்காவது: ஆஸ்பத்திரிக்கு விரட்டுவதிலே இலாபம் இருக்கும்வரை விரட்டுவார்கள். அந்த இலாபத்தை ஒழித்து, நர்ஸ்களின் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் உயர்த்தினால்தான் தரும் தொகை உயரும் என்று கட்டுங்கள். கிழவரைத் தூக்கி உட்கார வைக்கும் அந்தப் பணிப்பெண்ணும் தொழிலாளிதான். அவள் வயிறு காய்ந்தால் கிழவரின் முதுகு புண்ணாகும்.

ஐந்தாவது: திரும்பச் சேர்க்க மறுத்த இல்லத்துக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் பணம் கிடையாது என்று சொல்லும் அதிகாரம் அங்கே ஏற்கெனவே சட்டத்திலே இருக்கிறது. உறையிலே துருப்பிடிக்கும் அந்தக் கத்தியை உருவுங்கள். ஒரு கட்டிலை மறுத்தவனுக்கு ஒன்பது கட்டிலின் வருமானம் நின்றால், பத்தாவது கட்டில் தானாகத் திறக்கும்.

"அமெரிக்கக் கிழவனுக்காக நாம் ஏன் தொண்டை வறளப் பேச வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். அவர் உழைத்தவர் என்பதால் பேசுகிறோம். உழைப்பை உறிஞ்சும்போது அவன் நாடு எது என்று எந்த முதலாளியும் பார்ப்பதில்லை. உழைத்தவனுக்காகப் பேசும்போது நாம் மட்டும் ஏன் நாட்டைப் பார்க்க வேண்டும்? பொதுப்பணத்தை வாங்கித் தனியார் நடத்தும் எந்தப் பணியிலும் இந்தக் கேள்வி எழும்: பணம் யாரைப் பின்தொடர்ந்து போகிறது? மனிதனையா, கட்டிலையா? கட்டிலைப் பின்தொடர்ந்தால், கட்டில் நிரம்பியிருந்தால் போதும் என்றாகிவிடும். யார் படுத்திருக்கிறார் என்பது அற்பமாகிவிடும். மனிதனைப் பின்தொடர்ந்தால், அவன் இல்லாதபோதும் அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்கும்.

நோயிலிருந்து மீண்டு வருவோனை வாசலிலே நிறுத்தி, "நீ இல்லாத நாட்களுக்குப் பணம் யார் தருவார்?" என்று கேட்பது வியாபாரம். "வாருங்கள் ஐயா, உங்கள் இடம் அப்படியே இருக்கிறது" என்று கதவு திறப்பது ஆட்சி. வியாபாரம் நடத்த ஆயிரம் பேர் உண்டு. ஆட்சி நடத்த வந்தவர்கள் ஆட்சியை நடத்தட்டும்!